லென்ஸ்காரர் பண்ணைப் பெட்டி வாங்கிய கதை

“என் கண்ணுக்குத் தப்பினதுன்னு இந்த உலகத்துல ஒண்ணும் கிடையாது. இனிமே ஏதாவது பொறந்து வந்தாத்தான் உண்டு.”

இதைச் சொன்னவர் முற்றும் துறந்த ஞானியோ துப்பறியும் அதிகாரியோ அல்லர். அட்டைப்பெட்டி அச்சடிக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். இருபத்தொன்பது வருஷ சர்வீஸ். சட்டைப் பையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மடக்கு லென்ஸ் எந்நேரமும் இருக்கும். அதனால் தொழிற்சாலையில் அவரை லென்ஸ்காரர் என்பார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பயன்படாமல் பத்திரமாக இருந்தது.

தரம் பார்ப்பதை லேசான வேலை என்று நினைத்துவிடக் கூடாது. பெட்டியின் மேல் நாம் பார்க்கும் படம் நான்கு நிறங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்து வருவது. ஒரு நிறம் மயிரிழை விலகி உட்கார்ந்தாலும் சோப்புப் பெட்டியில் சிரிக்கும் குழந்தைக்கு இரண்டு மூக்கு முளைத்துவிடும். ‘ரெஜிஸ்டர் போச்சு’ என்பார்கள் அச்சுக்கூடத்தில். அந்த இரண்டாவது மூக்கை முதலில் கண்டுபிடிப்பவர் லென்ஸ்காரர்தான். ஒரு சமயம் பற்பசைப் பெட்டியில் சிரித்த பெண்ணின் கடைவாய்ப்பல்லில் கடுகளவு மஞ்சள் புள்ளியைக் கண்டு, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தைக் கையைத் தூக்கி நிறுத்தினார். நாற்பதாயிரம் பெட்டி குப்பைக்குப் போயிற்று. முதலாளி அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். அது பத்து நிமிஷம் தாமதமாக ஓடுகிறது என்று அன்றைக்கே கண்டுபிடித்துச் சொன்னார். அதற்கப்புறம் முதலாளி அவருக்கு எதுவும் கொடுத்ததில்லை.

இப்பேர்ப்பட்ட கண்ணைத் தொழிற்சாலை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு விடுமுறை நாள். தங்கையும் தங்கை வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். தங்கை வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். மற்றவர்கள் ஓட்டும் காரில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் கால் வைத்தே வாழ்ந்தவர் என்பதால், வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தாலும் வலது கால் எதையோ அழுத்திக்கொண்டிருக்கும். சாப்பாட்டுக்கு அப்புறம் தரையில் ஆட்டப் பலகையை விரித்தார்கள். எல்லார் வீட்டிலும் பரணில் கிடக்குமே, அதே ஆட்டம்தான். பகடை உருட்டிப் பலகையைச் சுற்றி வந்து, நிற்கிற இடத்தை விலைக்கு வாங்கி, அதில் வீடு கட்டி, அடுத்து வந்து நிற்கிறவரிடம் ஈவிரக்கமில்லாமல் வாடகை கறக்கும் ஆட்டம். குடும்ப ஒற்றுமைக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்டிருப்பார்கள்.

தங்கை வீட்டுக்காரரான மாப்பிள்ளை பகடையை உருட்டினார். ஐந்து விழுந்தது. ஐந்தாவது கட்டம் லென்ஸ்காரருடையது, மூன்று வீடு கட்டிய இடம். மாப்பிள்ளையின் காய் ஆறாவது கட்டத்தில் போய் நின்றது. அப்போது லென்ஸ்காரர் அந்த அறையிலேயே இல்லை. சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் வந்தது.

“மாப்ளே, அஞ்சு விழுந்து ஆறு நகர்ந்திருக்கீங்க.”

“தெரியாம நகர்ந்துட்டேன் மச்சான்.”

“தெரியாமலா?” என்று வெளியே வந்தவர், அத்தோடு விட்டிருக்கலாம். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து விரித்து, பகடையைப் பார்த்தார். அப்புறம் கட்டத்தைப் பார்த்தார். கடைசியாக, அதே லென்ஸோடு, மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மேலே முதல் வரியில் இருக்கும் வாக்கியத்தைச் சொன்னது அப்போதுதான்.

மாப்பிள்ளை எழுந்தார். எழுந்த வேகத்தில் அந்த வலது கால் பலகையின் மேல் அழுந்த, பலகை மடிப்பில் கிழிந்தது. தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் போனார். அதற்கப்புறம் அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டதெல்லாம் கல்யாண வீடுகளில், எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்துதான். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் வந்து, அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி சிரித்துவிட்டுப் போகிறவர் அந்தத் தங்கை. அவர் வராமல் போன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லென்ஸ்காரர், “சத்தம் இல்லாம வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு” என்று மனைவியிடம் சொல்வார். நான்கு வருஷத்தில் கிட்டத்தட்ட இருநூறு தடவை சொல்லியிருப்பார். நிம்மதியாக இருக்கிற மனிதன் ஒரு தடவைக்கு மேல் சொல்வானா என்று மனைவி யோசித்துக்கொள்வார்.

இந்த நிலையில்தான் ஒரு வியாழக்கிழமை மகள் வந்து நின்றாள்.

“அப்பா, ஞாயிற்றுக்கிழமை அத்தை வர்றாங்க. மாமாவும் வர்றார்.”

லென்ஸ்காரர் செய்தித்தாளைத் தலைகீழாகத் திருப்பினார். “வரட்டும். யார் வேண்டாம்னா?”

“மாமா ஒரு கண்டிஷன் போட்டிருக்கார். அந்த ஆட்டத்தை மறுபடியும் ஆடணுமாம். எல்லார் முன்னாடியும் ஒழுங்கா ஆடிக் காட்டணுமாம். ஆனா அந்தக் கிழிஞ்ச பலகை கண்ணுலயே படக்கூடாதாம்.”

“வேற வாங்கிட்டாப் போச்சு. கடைக்குப் போனா அஞ்சு நிமிஷ வேலை.”

“இந்தத் தடவையும் அவங்க பாதியில எழுந்து போனாங்கன்னா,” என்று மனைவி உள்ளேயிருந்து சொன்னார், “அப்புறம் இந்த வாசப்படி ஏற மாட்டாங்க. யோசிச்சு வாங்குங்க.”

ஐந்து நிமிஷ வேலைக்கு லென்ஸ்காரர் சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கிளம்பினார்.

பொம்மைக் கடையில் போய் ஆட்டத்தைக் கேட்டதும் கடைக்காரம்மா, “எந்த மாடல் சார்?” என்றார். லென்ஸ்காரருக்குப் புரியவில்லை. அம்மாள் கையைக் காட்டிய பக்கம் ஒரு சுவர் முழுக்க அதே ஆட்டம்தான், வேறு வேறு வேஷத்தில் நின்றது. கடலடி, விண்வெளி, ரயில், கார் பந்தயம், பூனை, மிட்டாய், பேய் மாளிகை, பண்ணை. உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி.

“உள்ள ஆட்டம் மாறுமாம்மா?”

“ஆட்டம் ஒண்ணுதான் சார். தெருவுக்குப் பதிலா கிரகம் வாங்குவீங்க. வீட்டுக்குப் பதிலா ராக்கெட் கட்டுவீங்க. வாடகை அதேதான்.”

அட்டைக்கு மேலே என்ன படம் இருந்தாலும் அட்டை அட்டைதான் என்பது லென்ஸ்காரரின் தொழில் தெளிவு. கைக்குக் கிடைத்த ரயில் பெட்டியை எடுத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். அனுப்பிய கையோடு போன் அடித்தது.

“ரயிலா?” என்றார் மனைவி. “நம்ம மாப்பிள்ளைத் தம்பி ரயில்வே பரீட்சை மூணு தடவை எழுதி மூணு தடவையும் கோட்டை விட்டவர். அவரைக் கூப்பிட்டு உட்கார வெச்சு ஸ்டேஷன் வாங்கச் சொல்லப் போறீங்களா?”

ரயில் சுவருக்குத் திரும்பியது. கார் பந்தயத்தை எடுத்தார்.

“அப்பா,” என்றாள் மகள், “போன வருஷம் மாமாகிட்ட கத்துக்க வந்த ஒருத்தர் காரை சலூனுக்குள்ள விட்டது உங்களுக்குத் தெரியாதா? பாதி ஷேவிங்ல ஒருத்தர் எழுந்து ஓடினாரே!”

மிட்டாயைத் தொட்டதுமே தொலைபேசி அலறியது. மாப்பிள்ளைக்குச் சர்க்கரை. பூனை ஆகவே ஆகாது. தங்கை வீட்டுப் பூனை போன மாதம்தான் காணாமல் போயிருந்தது. பால் கிண்ணம் இன்னும் வாசலிலேயே இருக்கிறதாம். விண்வெளி என்றால் அவர்கள் பையன். நட்சத்திரம் படிக்கிறேன் என்று போய் இரண்டு வருஷமாக ஒரே வகுப்பில் நிலைத்து நிற்கிறான். கடலைப் பற்றி யாரும் போன் பண்ணவே வேண்டியிருக்கவில்லை. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை படகில் ஏறி, கரையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்த கதையை ஊர் முழுக்கப் பரப்பியவரே லென்ஸ்காரர்தான். அந்தப் பெட்டியைத் தாமாகவே தள்ளி வைத்தார்.

பேய் மாளிகையில் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. பேய்க்கும் மாப்பிள்ளைக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருப்பதாகத் தெரியவில்லை.

“நல்லா உத்துப் பாருங்க,” என்றார் மனைவி. “மாடி ஜன்னல்ல நிக்கிற கிழவி யார் மாதிரி இருக்கா?”

லென்ஸை வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மாவை உரித்து வைத்திருந்தது. அந்தக் கண்ணாடி கூட.

ஒரு குடும்பத்தைப் புண்படுத்தாமல் ஒரு விளையாட்டு வாங்குவதற்குள் உலகத்தில் இத்தனை பொருள்கள் செல்லாமல் போய்விடும் என்று லென்ஸ்காரர் எதிர்பார்க்கவில்லை. மிஞ்சியது பண்ணை. மாடு, கோழி, வைக்கோல் போர், சிவப்புக் கூரை போட்ட களஞ்சியம். படம் வீட்டுக்குப் போனது. மனைவியும் மகளும் வெகுநேரம் ஆலோசனை செய்தார்கள். கோழியால் மாப்பிள்ளைக்கு வாழ்க்கையில் எந்தத் தீங்கும் நேர்ந்ததாக இருவருக்கும் நினைவில்லை.

“பண்ணையே வாங்கிடுங்க,” என்று தீர்ப்பு வந்தது.

சாதாரண மனிதர் இந்த இடத்தில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். லென்ஸ்காரருக்கு இனிமேல்தான் வேலையே ஆரம்பித்தது. கடையிலிருந்த ஏழு பண்ணைப் பெட்டிகளையும் இறக்கச் சொன்னார். ஒன்றில் மூலை நசுங்கியிருந்தது. ஒன்றில் கோழியின் கொண்டை கோழியை விட்டு விலகி நின்றது. ஒன்றில் பசை வழிந்திருந்தது. மிச்சமிருந்த நான்கையும் திறந்து, ஒவ்வொரு அட்டையையும் வெளிச்சத்தில் பிடித்து லென்ஸில் பார்த்தார். குட்டிக் களஞ்சியங்கள் முப்பத்திரண்டையும் எண்ணினார். கடைக்காரம்மா இவரை ஏதோ சோதனை அதிகாரி என்றே முடிவு கட்டினார். உள்ளே போய் ஒரு நாற்காலியும் ஒரு டீயும் கொண்டுவந்து வைத்தார்.

“சார் எந்த டிபார்ட்மெண்ட்?”

“அட்டை,” என்றார் லென்ஸ்காரர், தலை நிமிராமல்.

“எங்களுக்கு பில்லெல்லாம் சரியா இருக்கு சார்.”

“பில்லு இருக்கட்டும். இந்த வாத்தோட அலகுல மெஜந்தா சிவப்பு அதிகம். பார்த்தீங்களா?”

“இனிமே பார்க்கிறேன் சார்.”

ஒன்றரை மணிக்கு, மூன்று மணி நேரம் முடிந்து, குற்றம் குறையில்லாத ஒரு பெட்டியோடு லென்ஸ்காரர் வெளியே வந்தார். மூலை கூர்மை, நிறம் நிறத்தின் மேல் கச்சிதம், வாத்தின் அலகு அப்பழுக்கற்றது. அவர் பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று. இது அவர் குற்றமல்ல. அச்சைப் பார்க்கிறவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை. படித்தால் கண் அர்த்தத்தின் பின்னால் போய்விடும், புள்ளி தப்பிவிடும். இருபத்தொன்பது வருஷம் மருந்துப் பெட்டிகளைப் பார்த்தவருக்கு எந்த மருந்து எந்த நோய்க்கு என்று இன்றுவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தார். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், எந்த நிமிஷமும் எழுந்துவிடலாம் என்பதுபோல. மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கால் தரையை அழுத்தியபடி இருந்தது.

“பண்ணையா?” என்றார் பெட்டியைப் பார்த்து. “நல்லாத்தான் இருக்கு மச்சான். கோழியெல்லாம் லட்சணமா இருக்கு.”

“ரெஜிஸ்டர் பிரமாதம் மாப்ளே,” என்றார் லென்ஸ்காரர். மனைவி விட்ட மூச்சு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஒரு மணி நேரம் எல்லாம் சுமுகமாகப் போயிற்று. மாப்பிள்ளை ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் தட்டி, வாய்விட்டு எண்ணி, சாட்சிக்குச் சபையைப் பார்த்து நகர்ந்தார். லென்ஸ்காரர் பால் பண்ணை வரிசை மூன்றையும் வாங்கிக் களஞ்சியங்களாகக் கட்டித் தள்ளினார். தங்கை ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார், பாதியில் நிறுத்திக்கொண்டாலும். அப்போதுதான் மாப்பிள்ளையின் காய் கேள்விக்குறி போட்ட ஒரு கட்டத்தில் நின்றது. அட்டைக் கட்டிலிருந்து மேலே இருந்ததை எடுத்து உரக்கப் படித்தார்.

“தந்திர நரியே! அடியை மாற்றி எண்ணி அகப்பட்டுக்கொண்டாய். நேராகக் கூண்டுக்குப் போ.”



மாப்பிள்ளை அட்டையை மேஜைமேல் மெதுவாக வைத்தார். “இதுக்காகத்தான் தேடித் தேடி வாங்கினீங்களா மச்சான்?”

“ஐயோ மாப்ளே! நான் அதைப் படிக்கவே இல்லை.”

“பார்க்காம வாங்கினீங்களா?”

“பார்த்தேன். படிக்கல.”

“எவ்வளவு நேரம் பார்த்தீங்க?”

லென்ஸ்காரர் வாயைத் திறப்பதற்குள், கணவருக்குப் பரிந்து பேசும் அவசரத்தில் மனைவி முந்திக்கொண்டார். “முழுசா மூணு மணி நேரம் தம்பி! ஒவ்வொரு அட்டையா லென்ஸ் வெச்சு!”

“மூணு மணி நேரம்,” என்று மாப்பிள்ளை சபையைப் பார்த்துச் சொன்னார். “லென்ஸ் வெச்சு.”

“தப்பிடுச்சு மாப்ளே. சத்தியமாத் தப்பிடுச்சு.”

“யார் கண்ணுக்கு? உங்க கண்ணுக்கா?”

லென்ஸ்காரர் வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் ஓதிய வேதத்தை மாப்பிள்ளை ஒருவர்தான் வார்த்தை பிசகாமல் நம்பியிருந்தார். கண்ணுக்கு ஒன்றுமே தப்பாது என்றால் இந்த நரி வேண்டுமென்றே வந்த நரி. லென்ஸ்காரர் உண்மையைத்தான் சொன்னார், ஆனால் அதை அந்த அறையில் ஒருவரும் வாங்கத் தயாராக இல்லை. பெற்ற மகளே சந்தேகமாகப் பார்த்தாள். தங்கை கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மாப்பிள்ளை எழப்போனார். மகள்தான் விதித்தாளைத் தூக்கிப் பிடித்தாள். “மாமா, கூண்டுக்குப் போயிட்டு நடுவுல எழுந்து போகக் கூடாது. ரெண்டு பகடையிலயும் ஒரே எண் விழுந்தாத்தான் வெளிய வரலாம்.”

சாலை விதி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற மனிதரை விதியைக் காட்டித்தான் நிறுத்த முடியும். “ரூல்னா ரூல்,” என்று மாப்பிள்ளை திரும்ப உட்கார்ந்தார். “விழட்டும். வெளிய வந்ததும் ஒரே அடியா கிளம்பறேன்.” காயை நரிக்கூண்டில் வைத்தார். முகத்தைப் பார்த்தால் அவரே உள்ளே இருப்பதுபோல இருந்தது.

முதல் சுற்றில் விழவில்லை. இரண்டாவது சுற்றில் நாலும் நாலும் விழுந்தது.

“ஒண்ணு,” என்று தட்டினார் மாப்பிள்ளை. “ரெண்டு. மூணு.” குரலில் உயிரில்லை. ஏழுக்கு வரும்போதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எட்டாவது கட்டம் லென்ஸ்காரரின் பெரிய பால் பண்ணை. நாலு களஞ்சியம். மாப்பிள்ளையிடம் மிச்சமிருந்த தாளையும் கோழிக்கூட்டையும் விற்றாலும் அந்த வாடகையில் பாதி தேறாது.

“எட்டு.” காயை வைத்தார். ஒரு கட்டம் முன்னேயும் வைக்கவில்லை, பின்னேயும் வைக்கவில்லை.

இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. அடுத்தவர் பகடையை உருட்டுவதற்குள் இடத்துக்குச் சொந்தக்காரர் வாடகையைக் கேட்டாக வேண்டும். கேட்கவில்லை என்றால் போனது போனதுதான். அடுத்த ஆட்டம் தங்கையுடையது. பகடை அவர் கையில் இருந்தது. அவர் உருட்டாமல் அண்ணனைப் பார்த்தார்.

லென்ஸ்காரர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை ஒரு பக்கம் சாய்த்தார். இன்னொரு பக்கம் சாய்த்தார். அதில் ஏதோ மிதப்பதுபோல ஊதினார்.

“ஏங்க—” என்று மனைவி ஆரம்பித்தார்.

“டீ ஆறிப்போச்சு,” என்றார் லென்ஸ்காரர். “இன்னும் கொஞ்சம் சூடா இருந்தா கொண்டா.”

“அப்பா, பலகையைப் பாருங்க!”

“பார்த்துட்டுத்தானே இருக்கேன். யார் ஆட்டம் இப்ப? உருட்டும்மா, எவ்வளவு நேரம் கையிலேயே வெச்சிருப்பே?”

தங்கை உருட்டினார்.

பகடை நின்றதை ஒருவரும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பால் பண்ணையையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய வலது கால் தரையிலிருந்து தானாக எழும்பியது.

“மச்சான்,” என்றார், மிகவும் தாழ்ந்த குரலில். “நான் நின்னது உங்க இடம்.”

“எது?”

“இதோ. நாலு களஞ்சியம் கட்டியிருக்கீங்க. நீங்க கேட்கவே இல்லையே.”

“அப்படியா?” லென்ஸ்காரர் குனிந்து பார்த்தார். “கவனிக்கல மாப்ளே.”

மாப்பிள்ளை நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேராக வந்தார். ஒரு கண்ணைப் பார்த்தார், அப்புறம் மற்றதைப் பார்த்தார். கோபமெல்லாம் போய், மெய்யான கலவரம் வந்திருந்தது.

“அப்ப அந்த நரி அட்டையும் நிஜமாவே தெரியலையா உங்களுக்கு?”

லென்ஸ்காரர் இல்லை என்று தலையாட்டினார்.

“என்ன மச்சான் இது? முன்னாடியே சொல்லக் கூடாதா? இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா ரோட்டை கிராஸ் பண்றீங்க?” தங்கையின் பக்கம் திரும்பினார். “உங்க அண்ணனுக்குப் பார்வை போயிட்டு இருக்கு. நீ பாட்டுக்குப் பையைத் தோள்ல மாட்டிட்டு உட்கார்ந்திருக்கே!”

தங்கை பையைக் கழற்றித் தரையில் வைத்தார். குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிப்பு என்று லென்ஸ்காரருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லவில்லை.

“எங்க ஸ்கூல்ல சேர்றவங்களுக்கு கண் டெஸ்ட் பண்ற டாக்டர் இருக்கார்,” என்றார் மாப்பிள்ளை. “ரொம்பக் கைராசி. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நானே கார் எடுத்துட்டு வரேன். லீவு போட்டுடுங்க.”

இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் அந்தக் கண் சம்பாதித்த பேர் அந்த டம்ளருக்குள் ஒரு நொடி மிதந்தது.

“போட்டுடறேன் மாப்ளே,” என்றார் லென்ஸ்காரர்.